எல்லாவற்றுக்கும் ஒரே கம்பியா? எவர்சில்வர் ரகம் தேர்ந்தெடுப்பது எப்படி

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்குப் பக்கத்து இசிப்பிங்கோவில் சொந்தமாக லேத் பட்டறை போட்டிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கையில் நான்கு வேலைகள் வந்திருக்கின்றனவாம். கடலை ஒட்டிய முருகன் கோயிலுக்குக் கைப்பிடிக் கம்பிகளும், வாசலில் நிறுத்த ஆறடி வேலும். டொங்காட் பக்கம் ஒரு கரும்புத் தோட்டக்காரருக்கு ஆற்றுத் தண்ணீர் இறைக்கும் பம்பின் ஷாஃப்ட். வீட்டோடு சேர்த்து ஊறுகாய்த் தொழில் நடத்தும் ஒரு குடும்பத்துக்குக் கலவை இயந்திரத்தின் தண்டு. மீன்பிடிப் படகு ஒன்றுக்குப் பின்களும் போல்ட்டுகளும். "ஒரு கடைக்காரர் எல்லாவற்றுக்கும் 304 ரக எவர்சில்வர் போதும் என்கிறார். இன்னொருவர் எதற்கும் 316 வாங்கிவிடு, பிறகு கவலையில்லை என்கிறார். யார் சொல்வது சரி?" இதுதான் அவர் கேள்வி.

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை தம்பி. உங்கள் நான்கு வேலைகளுக்கும் குறைந்தது மூன்று விதமான கம்பி வேண்டும். டர்பனின் தொழிற்பேட்டைகளான ஜேக்கப்ஸிலும் மோபெனியிலும் லேத்தில் நின்று காலம் கழித்தவன் என்ற முறையில், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதில் அவசரப்பட்டால் நஷ்டம் உங்களுக்கு மட்டுமல்ல, உங்களை நம்பி வந்தவருக்கும்தான்.

"எது நல்ல ரகம்?" என்று கடையில் கேட்காதீர்கள். "இந்தப் பொருள் எதனால் சாகும்?" என்று உங்களையே கேளுங்கள். அதற்குப் பதில் பெரும்பாலும் கையிலேயே இருக்கும். பழைய ஷாஃப்ட்டைக் கழற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். முறிந்த முகத்தில் கடற்கரை மணலில் அலை விட்டுப் போன கோடுகள் மாதிரி வரிவரியாகத் தெரிந்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டு முறிந்தது என்று பொருள். விரிசல் தொடங்கிய இடம் அனேகமாகக் கீ-வேயின் (சாவிக்கட்டை உட்கார வெட்டிய பள்ளம்) மூலையாகவோ, விட்டம் மாறும் படியாகவோ இருக்கும். கிளாண்ட் பேக்கிங் (தண்ணீர் கசியாமல் தண்டைச் சுற்றி அடைப்பது) உட்காரும் இடத்தில் ஊசி குத்தினாற்போல் குழிகள் இருந்தால் அது உப்பின் வேலை. பள்ளமாக, பளபளவென்று தேய்ந்திருந்தால் கடினம் போதவில்லை. முறியாமல் வளைந்திருந்தால் வலிமையோ விட்டமோ போதவில்லை. நான்கும் நான்கு வியாதி. ஒரே மருந்து வேலை செய்யாது.

எவர்சில்வர் ஏன் துருப்பிடிப்பதில்லை என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். இரும்பில் குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால், மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. சில நானோமீட்டர் தடிமன்தான், கண்ணுக்குத் தெரியாது. கீறினால் காற்றிலோ தண்ணீரிலோ உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானே மூடிக்கொள்ளும். அந்தக் குரோமியத்தின் தாது உலகத்திலேயே மிக அதிகமாக இருப்பது நம் நாட்டில், புஷ்வெல்ட் பாறைகளில். இந்தப் படலத்துக்கு எதிரி உப்பில் உள்ள குளோரைடு. டர்பன் கரையோரம் முழுக்க அது காற்றிலேயே மிதக்கிறது. குளோரைடு படலத்தைத் துளைக்கும், ஆக்சிஜன் அதை மூடும். எப்போதும் இந்த இரண்டுக்கும் போட்டி. ஆக்சிஜன் போக முடியாத இடுக்கு, வாஷருக்கு அடி, நாறிப்போன தண்ணீர் தேங்கும் மூலை, இங்கெல்லாம் குளோரைடு ஜெயித்துவிடும். வெளியே பளபளவென்று இருக்கும் போல்ட்டைக் கழற்றினால் தலைக்கு அடியில் கழுத்து அரித்துப்போயிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி ரகங்கள். 304 என்பது ஏறக்குறைய 18 சதவீதக் குரோமியம், 8 சதவீத நிக்கல். வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் நல்லது என்றால் இதுதான். 316 என்பது அதோடு 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் சேர்ந்தது, நிக்கலும் கொஞ்சம் கூட. அந்த மாலிப்டினம்தான் குளோரைடு குழி விழுவதைத் தடுக்கிறது, விலையைக் கூட்டுவதும் அதுதான். பக்கத்தில் 'எல்' என்று போட்டிருந்தால் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று அர்த்தம். வெல்டிங் செய்யும்போது ஏறத்தாழ 425 முதல் 850 டிகிரி வரையிலான சூட்டில் கார்பனும் குரோமியமும் கைகோர்த்துக்கொள்ளும். அப்படிக் குரோமியம் இழந்த ஓரம் பிறகு அரித்துப்போகும். கார்பன் குறைவாக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இப்போது வரும் கம்பிகளில் பெரும்பாலானவை 304, 304எல் இரண்டுக்கும் சேர்த்தே சான்று பெற்றுத்தான் வருகின்றன. வெல்டிங் இருந்தால் 'எல்' எழுத்தைச் சான்றிதழில் பார்த்து வாங்குங்கள். அவ்வளவுதான்.

303 பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். லேத்துக்காரன் ஏமாறும் இடம் அதுதான். 304 கம்பியைக் கடையும்போது சுருள் நீளமாக வந்து டூலைச் சுற்றிக்கொள்ளும். ஒரு நொடி டூலை உரச விட்டாலும் மேற்பரப்பு இறுகிவிடும், அடுத்த வெட்டில் டூல் முனை போய்விடும். 303 அப்படியில்லை. அதில் வேண்டுமென்றே 0.15 சதவீதத்துக்கு மேல் கந்தகம் சேர்த்திருக்கிறார்கள். சுருள் துண்டு துண்டாக உதிரும், வேலை வெண்ணெய் மாதிரி ஓடும், முகம் கண்ணாடி மாதிரி வரும். ஆனால் அந்தக் கந்தகம் மாங்கனீசு சல்பைடாகக் கம்பிக்குள் நூல் நூலாக ஓடுகிறது. அந்த நூலின் முனை மேற்பரப்பில் வந்து முடியும் ஒவ்வோர் இடமும் குளோரைடு குழி தோண்டத் தொடங்கும் இடம். வெல்டிங்கும் பிடிக்காது, விரிசல் விடும்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஓர் உணவுத் தொழிற்கூடத்துக்கு உப்புத் தண்ணீர் பம்பின் ஷாஃப்ட்டை 303-இல் கடைந்து கொடுத்தேன். அன்று கையிருப்பில் அதுதான் இருந்தது. மறுநாளே வேண்டும் என்றார்கள், நானும் பளபளப்பைப் பார்த்து மனம் மயங்கினேன். ஏழாவது மாதம் கிளாண்டுக்குள் குழி விழுந்து, குழியிலிருந்து விரிசல் ஓடி முறிந்தது. ஒரு நாள் முழுக்க அவர்கள் வேலை நின்றது. பணத்தைத் திருப்பிக் கொடுத்து 316-இல் புதிதாகச் செய்து கொடுத்தேன். உப்பு, புளிப்பு, ஈரம் எது இருந்தாலும் அன்றிலிருந்து 303-ஐ நான் தொடுவதில்லை. உலர்ந்த அறையில் ஓடும் சின்ன புஷ், நட்டு, கருவிகளின் உதிரி, இதற்கெல்லாம் அது அருமையான கம்பி.

சரி, உங்கள் வேலைகளுக்கு வருவோம்.

தோட்டக்காரரின் பம்பு. ஆற்றுத் தண்ணீர், உப்பு குறைவு, மணல் அதிகம், சுமை அதிகம். இங்கே 304-ஐவிட 431 நல்லது. அது குரோமியம் 15 முதல் 17 சதவீதமும் கொஞ்சம் நிக்கலும் உள்ள ரகம், சூடேற்றிக் குளிரவைத்தால் இறுகும். பெரும்பாலும் அப்படிப் பதப்படுத்தியே கம்பியாக விற்கிறார்கள். அந்த நிலையில் இழுவிசை வலிமை சுமார் 850 முதல் 1000 மெகாபாஸ்கல். சூடேற்றி மெத்தென்றாக்கிய 304-க்குத் தரத்தில் கேட்பதே 515தான். 431 கடைவதற்கும் எளிது. கிளாண்டில் பேக்கிங் உரசும் இடத்தில் மணலுக்கும் 304-ஐவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் வெல்டிங் வேண்டாம். முன்சூடு ஏற்றாமல் பற்றவைத்தால் ஓரத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும். கழுத்து தேய்ந்த 431 ஷாஃப்ட்டை வெல்டிங்கால் நிரப்பித் தரச்சொல்லி யாராவது வந்தால், புதிதாகவே செய்துகொள்ளச் சொல்லுங்கள். கடல் தண்ணீருக்கும் அது ஆகாது.

இன்னொன்று. பழைய ஷாஃப்ட் ஆடி ஆடி பேரிங்கைத் தின்றது என்று தோட்டக்காரர் சொன்னால், ரகத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. வலிமை வேறு, விறைப்பு வேறு. எந்த எவர்சில்வரை எடுத்தாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றுதான், சாதா இரும்பும் அப்படியே. ஆட்டத்தைக் குறைக்க விட்டத்தைக் கூட்டுங்கள், அல்லது பேரிங்குகளுக்கு இடையிலான நீளத்தைக் குறையுங்கள். விட்டத்தின் நாலாம் படியில் வளைவு குறையும். 25 மில்லிமீட்டரை 30 ஆக்கினாலே வளைவு பாதிக்கும் கீழே வந்துவிடும். விலையுயர்ந்த கம்பி வாங்கியும் பம்பு ஆடிக்கொண்டே இருந்த கதைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படிகளின் மூலையை மட்டும் கூராக விடாதீர்கள். டூல் முனையில் வளைவு வைத்து, மூலையில் குறைந்தது 1.5 மில்லிமீட்டர் ஆரமாவது கொடுங்கள். பேரிங் உட்காரும் இடத்தில் அந்தப் பேரிங்கின் மூலை எவ்வளவு அனுமதிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த ரகம் எடுத்தாலும் கூர்மூலை ஒன்று போதும், எல்லாவற்றையும் கெடுக்க.

ஊறுகாய்த் தண்டு. நம் ஊர் மாங்காய் ஊறுகாயில் உப்பு, மாங்காயின் புளிப்பு, வினிகர், மசாலா எல்லாம் சேர்ந்திருக்கிறது. 304-க்கு இது சோதனை. இங்கே 316எல். தயங்க வேண்டாம். சூடு இல்லாமல் கலக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவேளை உப்பும் புளிப்பும் சேர்ந்ததை 60 டிகிரிக்கு மேல் காய்ச்சுகிறார்கள் என்றால் என்னிடம் மறுபடி கேளுங்கள். அந்தச் சூட்டில் குளோரைடு இருந்தால் 304, 316 இரண்டிலும், இழுவிசை உள்ள இடத்தில், முன்னறிவிப்பே இல்லாமல் மெல்லிய விரிசல்கள் கிளைவிட்டு ஓடும். அப்படிப்பட்ட இடத்துக்கு 2205 என்ற ரகம் வேண்டும், அதைப் படகு வேலையில் சொல்கிறேன்.

ரகத்தைவிட இந்தத் தண்டில் முக்கியம் வடிவம். ஊறுகாய் படும் பக்கத்தில் மரை, ஸ்லீவ், கிரப் ஸ்குரூ (தலையில்லாத திருகு) எதுவும் இருக்கக்கூடாது. ஒரே கம்பியில் கடைந்து, துடுப்புகளைச் சுற்றிலும் முழுமையாக வெல்டிங் செய்து, வெல்டிங்கை வழவழவென்று அரைத்துவிடுங்கள். மேற்பரப்புக் கரடுமுரடு 0.8 மைக்ரானுக்கு மேல் போகாமல் பாருங்கள். உணவு படும் இடத்துக்கு வழக்கமான அளவு அதுதான். கிருமியும் உப்பும் ஒரே இடுக்கில்தான் ஒளியும். அப்புறம், குளிர் இழுவையில் நீட்டிய பளபளப்புக் கம்பியாக இருந்தால் உள்ளே இழுப்பு பூட்டியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் நீளமாகக் கீ-வே வெட்டினால் தண்டு வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். நீளத் தண்டுக்கு இழுக்காமல், மேல்தோலை உரித்துக் கடைந்த கம்பியோ சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் அரைத்த கம்பியோ கேளுங்கள். இல்லையென்றால் முதலில் கீ-வே வெட்டி, நிமிர்த்தி, பிறகு கடைசி அளவுக்குக் கடையுங்கள்.

அவர்களே மசாலா அரைக்கும் கத்தியும் கேட்டால் 316-இல் செய்யாதீர்கள், முனை நிற்காது. 420 வாங்கிப் பதப்படுத்தக் கொடுங்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் சுமார் 50 வரை இறுகும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 420-ஐ இறுக்காமல் மெத்தென்ற நிலையிலேயே விட்டால் அது துருப்பிடிக்கும். அந்த நிலையில் குரோமியத்தில் ஒரு பகுதி கார்பனோடு சேர்ந்து கட்டியாகக் கிடக்கிறது. சூடேற்றிக் குளிர்வித்த பிறகுதான் அது கரைந்து பரவி வேலை செய்கிறது. ஷெஃபீல்டில் 1913-இல் ஹாரி பிரியர்லி உருக்கிய எஃகு ஏறக்குறைய இந்தக் குடும்பம்தான்.

படகு வேலையில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் மட்டத்துக்கு மேல், கீழ் என்று. மேலே உள்ள பின், கொக்கி, போல்ட் எல்லாவற்றுக்கும் 316 போதும். அலை நனைத்தாலும் காற்று படும், மழை கழுவும். கீழே, எப்போதும் மூழ்கியிருக்கும் இடத்தில், 316-ஐ நம்ப வேண்டாம். 316 என்றால் கடலுக்கு ஏற்றது என்று கடைகளில் சொல்வது பாதிதான் உண்மை. அசையாத கடல்நீரில், பாசி ஒட்டிய இடுக்கில் அதுவும் அரிக்கும். அங்கே 2205 கேளுங்கள். 22 சதவீதக் குரோமியம், 5 நிக்கல், 3 மாலிப்டினம், கொஞ்சம் நைட்ரஜன். குழி அரிப்பை எதிர்க்கும் திறனைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. குரோமியச் சதவீதம், மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு மூன்றையும் கூட்ட வேண்டும். 304-க்கு 18, 19 வரும். 316-க்கு 24 சுற்றி வரும். 2205-க்கு 35 பக்கம் வரும். போதாததற்கு, வளையத் தொடங்கும் வலிமை 450 மெகாபாஸ்கல், 316-ஐப்போல் இரண்டு மடங்கு. எனவே ஒரு அளவு சின்னதாகக்கூட வாங்கலாம். கடைவதற்குக் கடினம், லேத்தை மெதுவாக ஓட்டி, ஆழமான வெட்டாக வைத்து, கூலன்ட்டைத் தாராளமாக விடுங்கள்.

படகுக்காரர் அதிவலிமை கேட்டு 17-4 பி.எச். என்ற, சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றும் ரகத்தின் பெயரைச் சொன்னால், எந்தப் பத நிலை என்று கேளுங்கள். எச்900 என்ற நிலை மிக வலிமையானது, 1300 மெகாபாஸ்கலுக்கு மேல். ஆனால் உப்புக்குப் பக்கத்தில் அந்த நிலையில் விரிசலுக்குப் பயப்பட வேண்டும். வலிமையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எச்1150 பக்கம் போவது பாதுகாப்பு.

எவர்சில்வர் நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நகராமல் போவது படகில் அன்றாடத் தொல்லை. இரண்டும் ஒரே மெத்தென்ற ரகமாக இருந்தால் படலம் உரசிக் கிழிந்து உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மரையைச் சுத்தமாகக் கடைந்து, மரை கடிக்காமல் காக்கும், நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசை பூசி, கையால் முறுக்கி, பிறகு மெதுவாக இறுக்குங்கள். காற்றுத் துப்பாக்கியால் வேகமாக முறுக்கினால் அங்கேயே வெல்டிங் ஆகிவிடும். படகின் உடல் அலுமினியம் என்றால், போல்ட்டுக்கும் உடலுக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷரும் உறையும் போடுங்கள். உப்புத் தண்ணீரில் எவர்சில்வர் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கோயில் வேலையைக் கடைசியில் வைத்தேன். அதில்தான் என் மனம் அதிகம் இருக்கிறது. ஊர் மக்கள் கை வைத்துக் கும்பிடும் பொருள். கடல் அலை அடிக்கும் இடத்திலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் வரைகூட எவர்சில்வரில் தேநீர் சிந்திய கறை மாதிரிப் பழுப்புப் படரும். கடலை ஒட்டி என்றால் 304 சில மாதத்தில் பழுத்துவிடும். கைப்பிடிக்கும் வேலுக்கும் 316எல். ஆனால் 316எல் வாங்கினாலே முடிந்தது என்று நினைக்காதீர்கள். கரடுமுரடான பரப்பில் உப்பு உட்கார்ந்துகொள்ளும். 0.5 மைக்ரானைவிட வழவழப்பாகப் பாலிஷ் செய்யுங்கள். கோடு விழும்படி தேய்ப்பதாக இருந்தால் கோடு மேலிருந்து கீழாக ஓடட்டும், மழைநீர் வடிந்துபோகும். கூரை மறைப்பில் இருக்கும் கம்பிகளும் கைப்பிடியின் அடிப்பக்கமும்தான் முதலில் கறைபடும். காரணம் எளிது, மழை அங்கே கழுவுவதில்லை. கோயில் நிர்வாகிகளிடம் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடும், எழுதியே கொடுங்கள்.

வேலுக்கு அபிஷேகம் உண்டு. பால், இளநீர், பஞ்சாமிர்தம், எலுமிச்சைச் சாறு, விபூதி எல்லாம் படும். 316எல்லுக்கு இவை ஒன்றும் செய்யாது, அன்றே கழுவினால். பீடத்தில் வேல் இறங்கும் துளையில் தண்ணீர் தேங்கினால் அங்கே ஆறு மாதத்தில் இடுக்கு அரிப்பு தொடங்கும். துளையைச் சுற்றி முழுமையாக வெல்டிங் செய்து மூடுங்கள், அல்லது அடியில் வடிகால் துளை விடுங்கள். வெல்டிங் ஓரத்தில் வரும் நீலமும் வைக்கோல் நிறமும் அழகாகத் தெரிந்தாலும் அது படலம் கெட்ட இடம். பிக்ளிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு எடுக்க வேண்டும். அந்தப் பேஸ்ட்டில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும், தோலில் பட்டால் எலும்பு வரை போகும். கையுறை, முகக்கவசம், திறந்த வெளி, பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, இவை இல்லாமல் அந்த டப்பாவைத் திறக்காதீர்கள். சிட்ரிக் அமிலக் கரைசல் பாதுகாப்பானது, நீலத்தை எடுக்க வலு போதாது, ஆனால் அரைத்துத் துடைத்த பிறகு படலத்தைத் திருப்பிக் கட்ட உதவும்.

இன்னொரு முக்கியமான விஷயம், பட்டறையில் சாதா இரும்பு அரைக்கும் இடத்தில் இதைச் செய்யாதீர்கள். பறக்கும் இரும்புத் தூள் 316-இல் பதிந்து மறுவாரம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், கோயில்காரர்கள் உங்களைத்தான் கேட்பார்கள். டிஸ்க், பிரஷ், மேசை எல்லாம் எவர்சில்வருக்கென்று தனியாக இருக்கட்டும். இரும்பு பிரஷ் கூடவே கூடாது.

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்கள் அலகு குத்தச் சின்ன வேல் கேட்டு வருவார்கள், டர்பனில் நீங்கள் அதைத் தவிர்க்க முடியாது. அதை 303-இல் ஒருபோதும் கடைந்து கொடுக்காதீர்கள். கந்தகம் உள்ள ரகங்கள் வியர்வையிலும் உடல் திரவத்திலும் நிக்கலை அதிகம் கசியவிடும், நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தோல் வெந்துவிடும். 316எல், கந்தகம் மிகக் குறைந்த சான்றுடன், கண்ணாடி போலப் பாலிஷ் செய்து, நுனியில் பிசிறில்லாமல். கிருமி நீக்குவது கோயிலின் பொறுப்பு என்றாலும், கொடுக்கும்போது நீங்களும் சொல்லிவிடுங்கள்.

நம் நாட்டுச் சரக்கு 3சி.ஆர்.12 மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். மிடில்பர்க் ஆலை 1970-களின் கடைசியில் உருவாக்கியது, குரோமியம் 12 சதவீதத்துக்குப் பக்கம். கரும்பாலைகளிலும் நிலக்கரி ரயில் பெட்டிகளிலும் அருமையாக உழைக்கிறது. ஆனால் அது தகட்டுக்கான எஃகு, மேலே பழுப்பு படரும். கோயில் வாசலுக்கு அது ஆகாது. கடைவதற்குக் கம்பி என்று தேடினாலும் அதில் கிடைப்பது கஷ்டம். அடுப்பு, உலைக்குள் வைக்கும் கம்பி கேட்டால் 310, வேறொன்றும் யோசிக்காதீர்கள்.

கடைசியாக வாங்கும் இடம். காந்தத்தை வைத்து ரகம் பார்க்காதீர்கள். குளிர் இழுவை செய்த 304 கம்பியே லேசாகக் காந்தத்தில் ஒட்டும், அது போலி அல்ல. மறுபுறம், நிக்கலுக்குப் பதிலாக மாங்கனீசு போட்ட 201 ரகம் காந்தத்தில் ஒட்டாது, 304 என்று சொல்லி விற்றால் காந்தம் காட்டிக்கொடுக்காது. 304-ஐயும் 316-ஐயும் காந்தத்தால் பிரிக்கவே முடியாது. மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது, ஒரு சொட்டு வைத்தால் நிறம் சொல்லும். பெரிய வாங்கல் என்றால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கி வைத்திருப்பவரிடம் கொண்டுபோங்கள். அதுவும் கார்பனைக் காட்டாது, ஆகவே 'எல்' எழுத்துக்குச் சான்றிதழ்தான் சாட்சி. அந்தச் சான்றிதழ் 3.1 வகையாக, அதாவது ஆலையே சோதித்துத் தந்ததாக இருக்க வேண்டும், அதில் உள்ள உருக்கு எண்ணும் (எந்த உலை உருக்கில் வந்தது என்று காட்டும் எண்) கம்பியின் முனையில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். எண் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தத் தாள் வேறு கம்பியின் தாள்.

வாங்கி வந்ததும் எண் இல்லாத முனையிலிருந்து வெட்டத் தொடங்குங்கள், எண் குத்திய துண்டு கடைசிவரை இருக்கட்டும். ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு நிறம் வைத்து முனையில் பெயிண்ட் அடியுங்கள். பட்டறையில் இரண்டு வாரம் கிடந்தால் 304-ம் 316-ம் ஒன்றேபோல்தான் இருக்கும். எடைக் கணக்குக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி 0.00623-ஆல் பெருக்கினால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 25 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 3.9 கிலோ. கடைக்காரர் எடை போட்டு விற்றால் இந்தக் கணக்கு உங்கள் பையில் இருக்கட்டும்.

கோயில் வேலைக்கும் ஊறுகாய்த் தண்டுக்கும் ஒரே 316எல் என்பதால் இரண்டையும் சேர்த்து வாங்கினால் விலை பேசலாம். 431 வாங்கும் முன் தோட்டக்காரரிடம் பழைய ஷாஃப்ட்டை முழுத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். கிளாண்ட் இடத்தின் விட்டம் தேய்ந்திருக்கும், அங்கே அளவு எடுத்தால் தப்பாகிவிடும். பேக்கிங் படாத இடத்தில் அளந்து, புது பேக்கிங்கோடும் வைத்துப் பார்த்துவிட்டுக் கடையத் தொடங்குங்கள்.